மேல யாராவது இருக்கீங்களா?

என் வாயாடிக்கு,

காலை பதினொன்று இருபதுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது, நான் ஒரு லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று கம்பிவடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டாய் என்றார்கள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச நட்டையும் முடுக்கினேன்.

அதன்பிறகு உன் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. போனில் நீ பேசி அனுப்பிய பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். அவையும் யாரோ பேசுவதுபோல இருந்தன. உன்னையே மறந்துவிட்டேனோ என்று பயந்தேன். உன் தங்கைதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"மனச்சோர்வுல மூளையோட ரசாயனம் மாறும் தம்பி. நினைவு அழியல. அதை எடுத்துக் குடுக்குற வேலைதான் சுணங்குது."

"லிஃப்ட் நிக்குது, கதவுதான் திறக்கல. அப்படியா சார்?"

"அப்படியே வெச்சுக்குங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க."

துக்கம் குறைந்தால் மிச்சமிருக்கும் நீயும் போய்விடுவாயோ என்று தயங்கினேன். ஆனாலும் மாத்திரை போட்டேன், வாரக்கணக்கில்.

இன்று லிஃப்டை இயக்கும்முன், மேலே ஆள் யாரும் வேலையில் நிற்கிறார்களா என்று அறிய, வழக்கம்போல அண்ணாந்து கத்தினேன்: "மேல யாராவது இருக்கீங்களா?"

உடனே நீ வந்துவிட்டாய். சாப்பிடாமல் ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தால், என் நெற்றியைத் தட்டி நீ கேட்பதும் அதேதானே!

"மேல யாராவது இருக்கீங்களா? சாப்பாடு ஆறுதுய்யா."

அந்தக் குரல், ஈரம் காயாத அந்த விரல், அந்தக் கேலிச் சிரிப்பு, எல்லாம் வந்தன. இது எந்தப் பதிவிலும் இல்லை. லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்து, முதல்முறையாக அழுதேன்.

இனி நீ தட்டும்போது கேட்க வேண்டும். பதிவுகளை நிறுத்தி, போனை அணைத்துவிட்டேன்.

உன் மெக்கானிக்