பின்பாதி என்னுது

ஜூன் 4

வந்துருச்சு. வந்தே வந்துருச்சு!! எழுத்து கோணலா போகுது, பரவால்ல.

அண்ணன் நெஜமாவே வாங்கிட்டான். நான் போன்ல வால்பேப்பரா வச்சிருக்கற அதே மாடல் கார், அதே கருநீலம். யாரோ ஒரு முதலாளி ஓட்டி, அப்புறம் அவரு மச்சான் ஓட்டி, அப்புறம் யாருமே ஓட்டாம ஒரு கொட்டகைக்குப் பின்னாடி கிடந்ததாம். வேற வண்டி கட்டி இழுத்துட்டுத்தான் வந்தாங்க. எதிர்வீட்டு மாமா கேட் பக்கத்துல வந்து, "யானைய வாங்கிட்டீங்க, தீனிக்கு என்ன பண்ணப்போறீங்க?"ன்னாரு. அம்மாவுக்கு சிரிப்பு வரல.

எனக்கு எதுவும் காதுல விழல. உள்ள உக்காந்து கதவ இழுத்தேன். அந்த 'தொப்'னு ஒரு சத்தம்! வீடியோல எத்தன தடவ கேட்டிருப்பேன். நேர்ல கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு. லூசு நான்.

டிக்கி மட்டும் திறக்கல.

ஜூன் 5

பின்சீட்ட மடிச்சுட்டு உள்ள தவழ்ந்து போனேன். ஐயோ அந்த நாத்தம். ஊறப்போட்ட துணிய மறந்துட்டு ஊருக்குப் போயிட்டு வந்தா ஒரு வாடை வருமே, அது. அத நாலால பெருக்கணும். கார்ப்பெட் முழுக்க கருப்புப் புள்ளி. அடிப்பலகைய தூக்குனா ஸ்டெப்னி டயர் தண்ணில நீச்சலடிக்குது. இந்த வண்டிக்கு பேட்டரியும் டிக்கிலதான். அதுமேல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா, பச்சையா.

அண்ணன் எட்டிப் பாத்துட்டு மூக்கப் பொத்திக்கிட்டான். "என்னால ஆகாதும்மா. இஞ்சின், பிரேக் எல்லாம் நான் மெக்கானிக்கிட்ட விட்டுப் பாத்துக்கறேன். முன்பாதி எனக்கு. பின்பாதி உனக்கு."

"உனக்குன்னா?"

"உனக்குன்னா உனக்குத்தாண்டி. பாதி வண்டி உன்னுது. போதுமா?"

பாதி வண்டி என்னுது. பாதி வண்டி என்னுது. பாதி வண்டி என்னுது!

ஜூன் 9

ஸ்பான்ஜ வச்சு ஒத்தி ஒத்தி தண்ணி எடுத்தேன். முழங்கை ரெண்டும் சிராய்ப்பு. கார்ப்பெட்ட மாடில போட்டு தேய்ச்சா தண்ணி டிகாஷன் மாதிரி ஓடுது. குளிச்சப்புறமும் என்மேல டிக்கி வாசனை. அம்மா: "இந்தக் கைய கொஞ்சம் சிங்க்ல கிடக்கற பாத்திரத்துலயும் காட்டலாம்ல?"

சாவி கேட்டேன். சும்மா தெருமுனை வரைக்கும், மெக்கானிக் இஞ்சின ஓடவிட்டாருல்ல, அதான். லைசென்ஸ் வாங்கி பர்ஸுல வச்சுப் பாத்துட்டே இருக்கேன்.

"மொதல்ல உன் பாதிய முடி."

சரி. நியாயந்தான். நியாயந்தானே?

ஜூன் 13

டிக்கி ஏன் திறக்கலன்னு கண்டுபிடிச்சேன்!! மூடி மடியற இடத்துல ஒயர் எல்லாம் ஒரு ரப்பர் குழாய்க்குள்ள போகும். திறந்து மூடி திறந்து மூடி உள்ள ரெண்டு ஒயர் அறுந்துருக்கு. தாடிக்காரர் (நான் பாக்கற சேனல்லயே பெரிய தெய்வம்) ஒரு வீடியோல இதையேதான் காமிச்சிருக்காரு. ஈயம் வச்சுப் பத்த வச்சேன், டேப் சுத்துனேன், சாமியெல்லாம் கும்புட்டு பட்டன அமுக்குனேன்.

க்ளிக். மூடி தானா மெதுவா எந்திரிச்சுது, தூங்கி முழிக்கற ஆளு மாதிரி.

நான் கத்துன கத்துல அண்ணன் நாய் கடிச்சிருச்சோன்னு ஓடி வந்தான். பாத்துட்டு, "ஏய் டிக்கி ராணி!"ன்னு தலைல தட்டுனான். அந்த ஒரு தட்டு போதும்னு இருந்துச்சு. அப்ப.

ஜூன் 17

கார்ப்பெட் காஞ்சு, பலகை போட்டு, எல்லாம் பளபளன்னு வச்சு வீடியோ ஏத்துனேன். 'ப்ரோ செம', 'ப்ரோ வேற லெவல்', 'ப்ரோ எந்த ஊரு'. என் கைதான் தெரியுது, மொகம் தெரியல, அதனால நான் ப்ரோ. இருக்கட்டும்.

ஆனா அண்ணன் அதே வீடியோவ அவன் ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான். 'நம்ம கைவண்ணம்'னு. கீழ அவன் சிரிக்கற போட்டோ.

கேட்டா, "நம்மன்னுதானே போட்டேன்? என்னுதுன்னா போட்டேன்?"

வாய் மட்டும் இல்லன்னா இவன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.

ஜூன் 20

மழை.

உள்ள திரும்ப தண்ணி.

ஜூன் 21

தாடிக்காரரோட மொத வீடியோவே அதுதான். 'மொதல்ல ஓட்டையக் கண்டுபிடி, அப்புறம் துடை.' பழைய வீடியோ, பேச்சு ஜாஸ்தின்னு தள்ளிவிட்டுட்டேன். நாத்தத்தப் பாத்ததும் துடைக்க இறங்கிட்டேன். அவ்ளோ அவசரம் எனக்கு.

அண்ணன் கத்துறான். "வீடியோ பாத்து நீச்சல் கத்துக்கிட்டவள நம்பி ஆத்துல இறங்குனேன் பாரு." இவன் எங்க இறங்குனான்? நனைஞ்சது நான்!

ஓட்டை கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒரு ஆளு டார்ச்சோட டிக்கிக்குள்ள படுத்துக்கணும். மூடிரணும். இன்னொரு ஆளு வெளிய ஹோஸ்ல கீழேருந்து மேல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி அடிக்கணும். எங்கேருந்து சொட்டுதுன்னு உள்ள இருக்கறவங்க பாக்கணும்.

"நான் ஊத்தறேன், நீ உள்ள போ"ன்னான். சின்ன ஆளு நான்தானே.

ஜூன் 24

எழுதவா வேணாமா.

காலைல டிக்கிக்குள்ள போனேன். கார்ப்பெட்டெல்லாம் உருவிட்டு முட்டிய மடக்கிப் படுத்தேன். டார்ச், ஒரு சாக்பீஸ். அண்ணன் மூடுனான். நான் சரிபண்ண பூட்டுதான், சும்மா கச்சிதமா விழுந்துச்சு. பின்சீட்டையும் நிமித்தி வச்சாச்சு, இல்லன்னா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாது. தகரத்து மேல தண்ணி சத்தம் படபடன்னு. நல்லாதான் இருந்துச்சு. சிரிச்சுட்டுகூட இருந்தேன்.

அப்புறம் ஒரு பைக் சத்தம். தண்ணி ஒரே எடத்துல விழ ஆரம்பிச்சுது. வலது மூலைல. ஹோஸ கையில புடிச்சுட்டே பேசறான் போல.

"என்ன தம்பி, வண்டிய குளிப்பாட்டறீங்களா?" யாரோ ஒரு பெரியவரு.

"வாங்க வாங்க. இந்த ஒரு தண்ணி ஒழுகல்தான் பாக்கி. முடிஞ்சா அடுத்த வாரமே காட்டிரலாம்."

"ஆளு ரெடியா இருக்கு. டிராவல்ஸ் வச்சிருக்காரு, கல்யாண சவாரிக்கு விடுவாரு. டிக்கி சுத்தமா இருக்கணும், பெட்டி வைக்கணும்ல. உங்க தங்கச்சி ஏதோ சொல்லுதுன்னீங்களே, பாதி அதோடதுன்னு?"

அண்ணன் சிரிச்சான். "அது சின்னப் புள்ள சார். கழுவ வைக்கறதுக்கு ஏதாச்சும் சொல்லணும்ல? வாங்கும்போதே விக்கறதுக்குன்னுதான் வாங்குனேன்."

என் மூக்குக்கு நேரா தகரம். தட்டியிருக்கலாம். தட்டல.

தட்டாம படுத்திருந்தப்பதான் பாத்தேன். வலது பின்லைட் உக்கார்ற எடம். அதச் சுத்தி இருக்கற ரப்பர் ஒரு மூலைல மடங்கியிருக்கு. அங்கேருந்து ஒரு சொட்டு, நின்னு யோசிச்சு, வழிஞ்சுது. அடுத்தது. அடுத்தது. ரப்பர மாத்தி உக்காத்துனா முடிஞ்சுது. டிக்கி உள்ளேருந்துதான் கழட்டணும், நாலே நட்டு.

சாக்பீஸ் கையிலதான் இருந்துச்சு. கோடு போடல.

பைக் போச்சு. மூடி திறந்துச்சு. "ஏய், உள்ளயே தூங்கிட்டியா? தெரிஞ்சுதா?"

"தெரியல."

"இவ்ளோ நேரமா என்னத்தப் பாத்த?"

"தெரியலன்னு சொன்னேன்ல."

மொகமெல்லாம் ஈரம். வண்டித் தண்ணின்னு நெனச்சிருப்பான்.

ஜூன் 25

பூனை கருவாட்டுக்குக் காவல் இருந்த கதைன்னு சொல்வாங்க. இங்க கருவாடே பூனைய நம்பிருக்கு.

ஜூன் 26

அம்மாகிட்ட சொன்னேன். வெங்காயம் உரிச்சுட்டே கேட்டாங்க. "அவன் சம்பாதிச்சு வாங்குனது. விக்கறான். உனக்கு என்னடி வந்துச்சு?"

"பாதி என்னுதுன்னு சொன்னான்மா."

"சின்ன வயசுல நிலாவையும் பாதி தரேன்னு சொல்லித்தான் உன்ன சாப்ட வச்சேன்."

சிரிப்பு வந்துச்சு. அதுதான் கோவமா இருக்கு.

ஜூன் 29

அண்ணன் ஒரு டியூப் பசை வாங்கிட்டு வந்து மூடியோட ஓரம் பூரா அப்பிட்டான். ஒழுகற எடம் அதுவே இல்ல. நான் பாத்துட்டே நின்னேன். வாசனை பாட்டில் ரெண்டு உள்ள வச்சிருக்கான், ஒண்ணு எலுமிச்ச, ஒண்ணு மல்லி. ரெண்டும் சேந்து ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.

"கார்ப்பெட்ட நீயே போட்டுரு, உனக்குத்தான் அழகா வரும்."

போட்டேன். ஒரு சுருக்கம் இல்லாம. ஏன் போட்டேன்னு தெரியல. கை கேக்க மாட்டேங்குது.

நைட்டு மழை.

ஜூன் 30

வந்தாங்க. அன்னிக்கு பைக்ல வந்த அந்த புரோக்கர், கூட டிராவல்ஸ்காரர். அண்ணன் சட்டைய இஸ்திரி போட்டு நின்னான். டிராவல்ஸ்காரர் இஞ்சினப் பாக்கல, சீட்டப் பாக்கல. நேரா டிக்கிக்குப் போனாரு. மோந்து பாத்தாரு.

"ரெண்டு பாட்டில் வச்சிருக்கீங்க. எத மூடறதுக்கு?"

பலகையத் தூக்குனாரு. தண்ணி. மேல மல்லி வாசனை.

அப்புறம் அண்ணன் பேசுனான். என்னப் பாத்துதான். "எல்லாம் இவ பாத்த வேலை சார். போன்ல பாத்து பாத்து கிழிக்கறேன்னு சொன்னா. நம்பிட்டேன்."

புரோக்கர் சிரிச்சாரு. "பொம்பளப் புள்ள கையில ஸ்பேனர் குடுத்தா இப்படித்தான் தம்பி."

டிராவல்ஸ்காரர் மட்டும் சிரிக்கல. "எங்கேருந்து வருதுன்னு தெரியுமாம்மா? தெரிஞ்சா சொல்லு. வண்டி எனக்குப் புடிச்சிருக்கு."

வாய் வரைக்கும் வந்துச்சு. வலது லைட்டு சார், ரப்பரு சார், நாலு நட்டு, இருங்க இப்பவே காமிக்கறேன். சொல்லியிருந்தா அந்த ரெண்டு பேரு மூஞ்சியும் எப்படி மாறியிருக்கும்! நான் யாருன்னு காமிச்சிருப்பேன். ஆனா வண்டி போயிருக்கும்.

"தெரியாதுங்க"ன்னேன்.

அவரு கையத் தொடச்சுட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒண்ணுந்தெரியாதுங்கறது இப்ப தெருவுக்கே தெரியும். வண்டி இங்கயேதான் நிக்குது.

ஜெயிச்சுட்டேனா?

ஜூலை 2

அண்ணன் வண்டிய கேட்டுக்கு வெளிய ஓரமா விட்டுட்டான். சாவி அவன் பீரோவுல. "இனிமே அந்த வண்டிப்பக்கம் யாராச்சும் போனீங்க..." யாராச்சும்னா வீட்ல இருக்கறது மூணே பேரு.

ஜூலை 11

தினமும் மழை. வெளிப்பக்கமா லைட்டச் சுத்தி டேப் ஒட்டுனேன். நிக்கல, ஈரத்துல உரிஞ்சு தொங்குது. திரும்ப ஒட்டிட்டு இருந்தப்ப அண்ணன் வந்தான்.

"தொடாதன்னு சொன்னேன்ல?"

போதும்னு தோணுச்சு. சொல்லிட்டேன். "வலது லைட்டு ரப்பர்ணா. சாவி குடு, அரை மணி நேரத்துல முடிச்சுர்றேன். எனக்கு அன்னிக்கே தெரியும். உள்ள இருந்தப்பவே பாத்தேன். நீயும் அந்த புரோக்கரும் பேசுனதயும் கேட்டேன்."

ஒரு செகண்டு அவன் மூஞ்சி எப்படியோ ஆச்சு. உடனே சரியாயிருச்சு.

"தெரிஞ்சவ அன்னிக்கு ஏன் சொல்லல? அந்தாளு நேருக்கு நேரா கேட்டாருல்ல? இப்ப வந்து கதை விடற. போடி."

கதைன்னுட்டான். நான் சொன்னதுலயே நெஜம் அது ஒண்ணுதான்.

ஜூலை 19

சாவி எடுத்தேன். ஆமா, பீரோவத் திறந்துதான் எடுத்தேன். பட்டன அமுக்குனேன், ஒண்ணும் இல்ல. பேட்டரி செத்துருச்சு. டிக்கியத் திறக்கணும்னா பேட்டரி வேணும். பேட்டரி டிக்கிக்குள்ள இருக்கு. சரி, கைச்சாவிய டிக்கிப் பூட்டுல விட்டுத் திருப்பலாம்னா துரு ஏறி நிக்குது. கதவு மட்டும் திறந்துச்சு. பின்சீட்ட மடிக்கற கொக்கிய இழுத்தேன், கையோட வந்துருச்சு.

அந்த வாடை திரும்ப வந்துருக்கு. சீட்டு வழியா முன்பாதிக்கும்.

கதவ மூடுனேன். அதே 'தொப்'.

செப்டம்பர் 8

என் பழைய வீடியோக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு. 'ப்ரோ, இதே மாடல், டிக்கில தண்ணி வருது, எங்க பாக்கணும்?'

முழுசா எழுதுனேன். துடைக்காதீங்க, மொதல்ல ஓட்டையப் பாருங்க. ஒரு ஆளு உள்ள, ஒரு ஆளு வெளிய. வலது லைட்டோட ரப்பரத்தான் சந்தேகப்படுங்க. கடைசியா 'வெளிய நிக்கறது யாருன்னு பாத்துட்டு உள்ள போங்க'ன்னு எழுதி, அழிச்சுட்டு, அனுப்புனேன்.

சாயங்காலமே பதில். 'ப்ரோ நீங்க தெய்வம்! அதேதான். என் தங்கச்சி உள்ள உக்காந்து கண்டுபிடிச்சா. இப்ப காஞ்சு கிடக்கு.' கூடவே போட்டோ. அந்தப் பொண்ணு டிக்கிக்குள்ள உக்காந்து, டார்ச்ச தூக்கிப் புடிச்சுட்டு சிரிக்குது.

லைக் போட்டேன்.

கீழ அம்மா அண்ணன்கிட்ட கத்திட்டு இருக்காங்க, கொசு தாங்கலன்னு. வண்டிகிட்ட போய்ப் பாத்தேன். வலது லைட்டுக்குள்ள பாதி வரைக்கும் தண்ணி நிக்குது. அதுல குட்டிக் குட்டியா புழு நெளியுது.

"எங்கேருந்துதான் வருதோ"ன்னான் அண்ணன்.