பெயர் எழுத இடமில்லை

மார்ச் 4, செவ்வாய்
பம்ப் கம்பெனி முதலாளி வெள்ளிக்கிழமை நேரம் கொடுத்துவிட்டார். பதினோரு வருடமாக மருத்துவ அறக்கட்டளைக்கு நன்கொடை திரட்டுகிறேன். ஒருவர் காபி சொல்லும் விதத்திலேயே கொடுப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். கேட்கப்போவது நடமாடும் மருத்துவ வண்டி. கொடுப்பவர் பெயரை எழுத இடமுள்ள பொருளைத்தான் கேட்க வேண்டும். ஊழியர் சம்பளம் என்று வாயைத் திறந்தால் சிரித்துக்கொண்டே கதவைக் காட்டுவார்கள்.

"உங்கிட்ட மாட்டினவரு பர்ஸோட வீடு திரும்ப மாட்டாரு," என்றார் என் வீட்டுக்காரர். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 6
ஆற்றுக்கு அக்கரையில் உள்ள எங்கள் மருத்துவமனையின் ஒரே செவிலியர் அக்காவையும் அழைத்துப் போகிறேன். இந்த மாதத்தோடு வேலையை விடுகிறாராம். விட்டால் பிரசவ அறையை மூட வேண்டியதுதான். புது வண்டி வந்தால் மனம் மாறும். மாறும்!

மார்ச் 7
ஐயோ, மானமே போச்சு.

வண்டிப் படத்தைக் காட்டினேன்; பக்கவாட்டில் முதலாளியின் அம்மா பெயர். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவைப் பார்த்து, "வண்டி வந்தா உங்களுக்குச் சுலபமாயிடும் இல்ல?" என்றார்.

"பொய் சொல்ல வரலைங்க. போன வருஷம் வந்த வண்டியே ஷெட்டுல நிக்குது. அதுல யாரு போறது? நான் ஒருத்தி. எட்டு மாசமா ஒரு நாள் லீவு இல்ல. இன்னொரு நர்ஸைக் குடுங்க, போதும்."

"சம்பளத்துல எங்கம்மா பேரை எங்க எழுதுவீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்கயும் எழுத முடியாது சார்."

படத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அக்கா மேல் கோபம். எட்டு மாசம்! எனக்கு ஏன் தெரியலை? ஒரு தடவையாவது கேட்டேனா?

மார்ச் 8
கேட்கவே இல்லை. ஷெட்டில் நிற்கும் வண்டியும் நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

மார்ச் 12
முதலாளிக்கு மறுபடி எழுதினேன். ஒரே பக்கம், படம் கிடையாது. இன்னொரு செவிலியருக்கு மூன்று வருடச் சம்பளம். பெயர் எங்கும் வராது என்பதையும் எழுதினேன். தருவார். தராவிட்டால் அடுத்த கதவு — தட்டுவது எனக்கென்ன புதுசா?

மார்ச் 20
முதலாளியிடமிருந்து போன் வந்தது.
"மூணு வருஷம்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அந்தப் பொண்ணு எங்க போவா?"
அவரே தொடர்ந்தார்:
"அஞ்சுன்னு போடுங்கம்மா."
மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். கணக்காளர் பார்த்துவிட்டார். பார்க்கட்டுமே!

ஏப்ரல் 6, ஞாயிறு
புதுச் செவிலியர் சேர்ந்து நான்கு நாள். அக்கா போகவில்லை. காலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி: "இன்னைக்கு லீவு. தூங்கப் போறேன். யாரும் கூப்பிடாதீங்க."

நான் கூப்பிடவில்லை.