நான் எரியாத கட்சி

ஆவடி,
1-3-1998

அன்பு மகன் உத்தமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே யார் உடம்புக்கும் குறைவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்குத்தான் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஜப்பான் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ, அந்தக் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொள். பெரியப்பா உனக்குக் கடிதம் போட்டிருக்கிறாராம், அது முன்னாலேயே வந்திருந்தாலும் பரவாயில்லை, இதைப் படித்த பிறகு அவருக்குப் பதில் எழுது.

நடந்தது இதுதான். போன மாதம் பதினாலாம் தேதி உன் தங்கை பேபிக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, சிவப்பு இதயமும் ரெண்டு புறாவும் போட்டு உள்ளே கஜபதி என்று கையெழுத்து. அயனம்பாக்கத்துப் பையன், அவளோடு பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். நம் குவார்ட்டர்ஸ் தபாலெல்லாம் சங்க அறையில்தானே கிடக்கும், சங்கச் செயலாளர் வீரராகவன் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கள்ளிக்குப்பம் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் உன் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறார். மாடிப்படி ஏறவே நொண்டுகிற அந்தக் காலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வந்ததோ. சாயங்காலமே பெரியப்பா வந்து தீர்ப்பும் சொல்லிவிட்டார், படிப்பை நிறுத்து, பெரியம்மாவின் தம்பி மகனுக்கு வைகாசியில் கட்டிக் கொடு, வயலில் கூலிக்குப் போனவன் வீட்டுப் பையனெல்லாம் நம்ம பொண்ணுக்கு அட்டை போடுறானா, இதெல்லாம் வெள்ளைக்காரன் பண்டிகை, நம்ம கலாச்சாரத்துல இதுக்கெல்லாம் இடமே கிடையாதுன்னு ஒரே சத்தம். உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரைத்தான் உனக்குத் தெரியுமே. நான் பேபியை உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம்மா எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா படிப்ப மட்டும் விட மாட்டேன் என்றாள். முதுகில் ஒன்று வைத்தேன், அது வேறு விஷயம், ஆனால் பொய் சொல்லாத பெண்ணைப் பெற்றோமே என்று மனசு நிறைந்துவிட்டது.

வெளியே வந்து பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் பண்டிகையா, முதலில் அவன் ஊரிலேயே இதற்குத் தலை போயிருக்கிறது. பட்டாளத்துக்காரன் கல்யாணம் கட்டக் கூடாது என்று ரோமாபுரி ராஜா உத்தரவு போட்டானாம், ஒரு சாமியார் ஒளிந்து ஒளிந்து தாலி கட்டி வைத்தாராம், அதற்காக அவர் தலையை எடுத்த நாளாம் அது, பக்கத்து வீட்டு அன்னம்மாள் சொன்னாள், கதைதான்க்கா என்று அவளே சிரித்தாள். அப்புறம் உன் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன், ஜப்பானில் அன்றைக்குப் பெண்பிள்ளைகள்தான் ஆம்பிளைகளுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள், மேலதிகாரிக்குக்கூட மரியாதைக்குக் கொடுப்பார்கள், அடுத்த மாதம் ஆண்கள் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நீ எழுதினாயே, அதை. அது ஜப்பான் என்றார். சரி, நம்ம ஊருக்கே வாங்க என்றேன். கும்பகோணத்துப் பக்கம் மாசி பிறந்தால் கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சேர்த்துக் கட்டித் தெருவில் காமனை நடுவது யார், வெள்ளைக்காரனா? பௌர்ணமியில் எரித்துவிட்டு, எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, தப்பு அடித்து லாவணி பாடுவார்களே, எரிந்த கட்சிக்குக் கை தட்டியது நீங்கள்தானே? என் அப்பா எரியாத கட்சிக்குத் தப்பு அடித்தவர், உடம்பு போனாலும் ரதி கண்ணுக்கு அவன் இருக்கிறான் என்று பாடி ஊரையே அழ வைத்தவர். காதலுக்குத் தெருவிலே கம்பு நட்ட ஜனங்க நாம, ஒரு காகித அட்டைக்கா பயப்படணும் என்று கேட்டேன். பொம்பளைக்கு வாய் நீண்டு போச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள், குவார்ட்டர்ஸில் இந்த மாதிரி அட்டைகளுக்கு அனுமதி இல்லையாம். ஒட்டட்டும். நேற்று மூணாம்பிறை, கரையான்சாவடியில் கரும்பு வாங்கி வந்து, ஆமணக்குக் குச்சி ஒடித்துக் கட்டி, சங்க அறைக்கு நேர் எதிரே காமனை நட்டு மஞ்சள் பூசிப் பூப் போட்டேன். பால் ஊற்ற வந்த வேம்புலியம்மாள், இன்னாக்கா, கொடிக்கம்பம் நட்டுகினு கீறே, இன்னா கட்சி என்றாள். எரியாத கட்சி என்று விவரம் சொன்னேன். அப்போ என் பேரையும் அதுல சேத்துக்கோ என்றாள். வீரராகவன் பிடுங்க வந்தார், சாமி காரியம், பிடுங்கினவன் வீட்டுக்கு ஆகாது என்றேன், அது நானாகச் சேர்த்துச் சொன்னது. நீட்டின கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையனையும் வரச் சொல்லி எதிரே நிற்க வைத்துப் பேசினேன், படித்து வேலைக்குப் போய் உன் அம்மாவோடு வாசல் வழியாக வா, அதுவரைக்கும் அட்டை கிட்டை கூடாது என்று. பட்ச்சி முட்ச்சிட்டு எங்கம்மாவ இட்டுகினு வரேம்மா என்றான், கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

இப்போது உன் அப்பா, மூத்த பிள்ளை சொல்கிறபடி செய்யலாம் என்கிறார். அதனால்தான் பெரியப்பா உனக்கு எழுதியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பதினேழு வயதில் கட்டிக் கொடுத்தார்கள், உன் அப்பா நல்லவராக இருந்தது என் அதிர்ஷ்டம், என் பெண்ணை நான் அதிர்ஷ்டத்தை நம்பி விட மாட்டேன். படிப்பை நிறுத்து என்று நீ ஒரு வரி எழுதினாலும் சரி, அவளைக் கூட்டிக்கொண்டு நான் வெளியே போய்விடுவேன், எங்கே தங்கினாலும் அவள் காலேஜுக்குப் போவாள். நீ லீவில் வரும்போது கதவு திறக்க அப்பா மட்டும்தான் இருப்பார், அவருக்குக் காபி போடக்கூடத் தெரியாது. உன்னை மிரட்டுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், மிரட்டத்தான் செய்கிறேன்.

நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீ நீடூழி வாழ வேண்டும் சாமி. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடாதே. பதிலை அப்பா பேருக்கே போடு, பெரியப்பாவை உட்கார வைத்து அவர் வாயாலேயே சத்தமாகப் படிக்கச் சொல்லப் போகிறேன்.

உனக்கும் பேபிக்கும் அம்மா,
பஞ்சவர்ணம்