பாப்பாமோட்டையில் நின்றுபோன கார்

ரீச்சர்,

புதன்கிழமை தோட்டவெளிக் கிராமத்தில் உங்கள் கொட்டகையைத் திறந்து காரை ஸ்டார்ட் செய்தேன். அரைகுறையாக எரிந்த பெற்றோல் மணம் மூக்கில் ஏறியதும் உள்ளே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நிறுத்தி வைத்த இடத்திலேயே என்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

காரைப் பார்த்து வாங்கக் கொழும்பிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வருகிறார் என்று கனடாவிலிருந்து உங்கள் மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "அங்கிள், முழுசாத் திருத்த வேண்டாம். அவர் பாக்கிற நேரம் சத்தம் இல்லாமல் இருந்தாக் காணும்." பாவம், அறியாமல் கேட்டார். அதற்குப் பிறகு பேசாலையில் என் பட்டறையில் எந்தப் படகு என்ஜினிலும் எனக்குக் கை ஓடவில்லை.

உங்கள் கணவர் கப்பலில் உழைத்து வாங்கிய எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார் அது. அவர் காலமான பிறகு அதை என்னிடம் காட்டி இரண்டு குறை சொன்னீர்கள். நிற்கும்போது குலுங்குகிறது, வேகம் கொடுத்தால் உள்ளே தட்டுகிறது. நான் பிளக்குகளை மாற்றினேன். பெற்றோலோடு காற்றைக் கலக்கும் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். பிறகு பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு, தட்டல் மாறுகிறதா என்று இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டோம். மாறவில்லை. பெயாரிங் தேய்ந்திருந்தால் மாறியிருக்கும், அதில் பழுதில்லை என்றேன். அது சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் கணக்கு ரீச்சர். இரண்டு குறையும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடாதா, எங்காவது காற்று இழுக்கிறதா என்று கேட்டீர்கள். காபரேற்றருக்குக் கீழே என்ஜினோடு சேரும் இணைப்பைச் சுற்றிவரப் பார்த்தீர்களா என்றும் கேட்டீர்கள். முன்பக்கமும் இரண்டு கரையும் பார்த்திருந்தேன். பின்பக்கத்துக்குக் கை போகாது.

"ஓம் ரீச்சர், எல்லாம் பாத்திட்டன்" என்றேன்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் உங்கள் தங்கச்சி படுத்த படுக்கையாகக் கிடந்தார். மணப்பெண்ணாகக் கோயிலுக்கு அந்தக் காரில்தான் போனவராம். இன்னொரு தரம் அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நீங்கள் காரில் போக நாள் குறித்துவிட்டீர்கள். எனக்கோ காரணம் அகப்படவில்லை, அதைச் சொல்லவும் வெட்கம். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பிந்த வைத்தேன். தட்டல் அடங்கிவிட்டது. அப்படி ஓட்டினால் என்ஜின் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். மெல்லப் போனால் தாங்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, திருத்தியாயிற்று என்று சொல்லி நானே ஓட்டியும் வந்தேன்.

பாப்பாமோட்டை வயல்வெளியில் சூடு காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறியது. முன்னால் நீராவி கிளம்ப, கார் நின்றுபோனது. நீங்கள் இறங்கிக் குடையை விரித்தபடி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"சத்தத்தை மட்டும் நிப்பாட்டினீங்கள், என்ன?"

"ஓம் ரீச்சர்."

யாழ்ப்பாண பஸ் வந்தது. கை காட்டி ஏறிப் போனீர்கள். ஒரு உழவு இயந்திரக்காரர் வந்து கட்டி இழுக்கும்வரை நான் வெயிலில் நின்றேன்.

தங்கச்சியின் அடக்கம் முடிந்து திரும்பி வந்த பிறகுதான் சொன்னீர்கள். "கார் வாசல்ல நிக்குதோ எண்டு கேட்டவள். ஓம், நிக்குது எண்டனான். அவளால எழும்பிப் பாக்க ஏலாதுதானே."

திட்டியிருக்கலாம். ஒரு பிழையான கூட்டலைக்கூட விடாத நீங்கள், சாகக் கிடக்கும் தங்கச்சியிடம் பொய் சொன்னீர்கள். அதைச் சொல்ல வைத்தவன் நான். அதன் பிறகு காரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கம் வராமல் ஆயிரம் வேலை சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வருசம் முடியுமுன் நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள்.

புதன்கிழமையும் என் கை நேரே டிஸ்ரிபியூட்டருக்குத்தான் போனது. அன்று திருப்பி வைத்தபடியே விட்டால் தட்டாது, சனிக்கிழமைக்கு அது போதும். கையை எடுத்தேன், மறுபடி வைத்தேன், பிறகு கொட்டகையைச் சுற்றி நடந்தேன். கடைசியில் முகம் பார்க்கும் கண்ணாடியொன்றைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, மெல்லிய குழாயால் அந்த இணைப்பில் ஒயில் விட்டேன். குலுக்கம் நின்றது. ஒயிலை உள்ளே இழுத்து முடிந்ததும் திரும்பத் தொடங்கியது. அங்கேதான் இணைப்பின் இடுக்கை அடைக்கும் காஸ்கெற் வெடித்திருந்தது. அந்த வழியால் காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்ததால்தான் குலுக்கமும் தட்டலும். கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, ரீச்சர்.

புதுக் காஸ்கெற் வெட்டிப் போட்டேன். திருப்பி வைத்ததைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மன்னார்ப் பாலம் தாண்டிப் பாப்பாமோட்டை வரை வேகம் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு தட்டல் இல்லை. அங்கேயே கரையில் நிறுத்தி, உங்கள் மகளுக்குத் தொலைபேசி எடுத்து அன்று செய்ததையெல்லாம் சொன்னேன்.

"அம்மா றேடியேற்றர் குழாய் வெடிச்சது எண்டுதானே எங்களுக்குச் சொன்னவ. உங்களில ஒரு பிழையும் இல்லை எண்டவ."

என்னை மன்னித்துத்தான் அப்படிச் சொன்னீர்களா, என் பிழைப்புக் கெட்டுவிடும் என்று சொன்னீர்களா? கேட்க வழியில்லை. நேற்று வந்தவரிடம் எது வெடித்தது, எதை மாற்றினேன், எதை இன்னும் திறந்து பார்க்கவில்லை என்று எல்லாம் சொன்னேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

பாப்பாமோட்டையில் கார் நின்ற அந்த நாளிலிருந்து, படகு என்ஜின் கொண்டுவருகிறவர்களிடம் திருத்திய இடத்தைச் சொல்லுமுன் பார்க்காத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. வேறு பட்டறைக்குப் போகிறார்கள். போகட்டும் ரீச்சர். கடலில் என்ஜின் நின்றால் இறங்கி நிற்க ஒரு கரை இல்லை.