கேரளாவுக்குப் போன வீரமுத்து

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

காலையில் போர் மோட்டார் எரிந்துவிட்டது. புகை வந்ததும் சுவிட்சை அணைக்கும் அளவுக்காவது புத்தி இருந்தது. எதிர்வீட்டு வீரமுத்துதான் எனக்கு எப்போதும் மோட்டார் பார்ப்பவர். கூப்பிடப் போனால் அவர் மனைவி செல்லியம்மாள் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். “அவரு கேரளாவுக்கு வேலைக்குப் போய்க்கிறாரு டீச்சர். வர நாளாவும்.”

மகள் ஜெயசுதாவுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். இந்த நேரத்தில் என்ன கேரளா? கேட்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன்.

19 ஆகஸ்ட்

பைக்கில் வந்த ஒருவர் வீரமுத்து இருக்காரா என்று கேட்டார். கேரளா போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். இடுப்பு வலி. குடம் தூக்குகிற வயதா இது?

20 ஆகஸ்ட், புதன்

கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மலைப்பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் செல்லியம்மாள். மடியில் ஒயர் கூடை, அதற்குள் துண்டு போட்டு மூடிய டிபன் கேரியர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அவளே கொல்லைப்பக்கமாக வந்தாள். “ஒரு ஆளை ஸ்டேஷன்ல எத்தினி நாளு வெச்சிருப்பாங்க டீச்சர்?” என்று கேட்டுவிட்டு அழுதாள்.

வீரமுத்து கேரளாவில் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறார். பெயர் எழுத வேண்டாம். அந்தப் பக்கத்து வயல்களில் மோட்டார்களைக் கழற்றிச் செம்புக் கம்பி திருடுகிறார்களாம். மோட்டார் கழற்றத் தெரிந்தவர் என்பதுதான் இவர்மேல் சந்தேகம். சும்மா விசாரணை என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைத்துப் போனவர்கள் இன்னும் விடவில்லை.

“மாப்ள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா ஆவறது? அதான் கேரளான்னேன். நம்ம சனம் பாதி அங்கதானே போவுது, யாரு சந்தேகப்படப் போறா?”

தினமும் சோறு கொண்டுபோகிறாள். பின்வாசலில் ஒரு போலீஸ்காரர் வாங்கிக்கொண்டு, காலி கேரியரைத் திருப்பித் தருகிறார். உள்ளே சாப்பிடுவது வீரமுத்துதான் என்று எப்படித் தெரியும்? “மூடியில கறிவேப்பிலையெல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கும் டீச்சர். கண்ணாலம் ஆனதுலேர்ந்து அதே பழக்கம்.”

எத்தனை வருஷம் இந்தக் கைதுச் சட்டத்தைப் பாடமாக நடத்தியிருப்பேன்! வகுப்பில் கண்டக்டர் உதாரணம்தான் சொல்வேன். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பையைக் கண்டக்டர் எடுத்து வைக்கலாம். எடுத்ததை டிப்போவில் ஒப்படைத்துவிட வேண்டும். தன் வீட்டில் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. போலீஸும் அப்படித்தான். பிடித்த ஆளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். கூட்டிப்போகும் பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் நீதிபதி சொல்ல வேண்டும்.

பையன்கள் தலையாட்டுவார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. எழுந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். நான் சட்டத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது ரொம்ப கரெக்ட் டீச்சர். ஆனா அந்த ஆளு இங்க இல்லையே. கேரளா போயிருக்காராமே.”

“யார் சொன்னது?”

“நீங்கதான். முந்தாநாளு நம்ம ஆளு உங்க வாசல்ல வந்து கேட்டப்ப.”

பைக்! வந்தவர் போலீஸ்காரர். நானே சாட்சி சொல்லியிருக்கிறேன், அதுவும் அவர்களுக்கு!

வெளியே வந்து சுவரோரம் நின்றேன். உள்ளே இருமல் சத்தம். அவராக இருக்குமோ? கூப்பிடத் தைரியம் வரவில்லை.

நேரே மளிகைக்கடை ஷேக் மைதீன் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் ஜெபீனா கள்ளக்குறிச்சி கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீல். செல்லியம்மாளையும் ஜெயசுதாவையும் அங்கேயே வரவழைத்தோம்.

“அவங்க பேப்பர்ல எழுதற நேரம் கணக்கில்ல டீச்சர். ஆளைப் போவ வுடாம புடிச்சாங்களே, அப்பவே ஆரம்பிச்சிடுச்சு,” என்றாள் ஜெபீனா. “ஆனா தெருவே கேரளான்னு சொல்லுதே! இந்தம்மா கோர்ட்டுல வந்து, என் வூட்டுக்காரு ஸ்டேஷன்லதான் இருக்காருன்னு வாயத் தொறந்து சொல்லணும்.”

செல்லியம்மாள் மாட்டேன் என்றாள். “ஊருக்கே தெரிஞ்சிடும். பொண்ணு வாழ்க்க டீச்சர்.”

அதுவரை சும்மா இருந்த ஜெயசுதாதான் வெடித்தாள். “அப்பா அங்க அடி வாங்கிக்கினு இருக்க, நான் பட்டுப்பொடவ கட்டிக்கினு உக்காரணுமா? அவரு இல்லாம யாரு தட்டு மாத்துவாங்க, பைக்ல வந்தானே, அவனா?”

சொன்னவள் அங்கேயே திருநாவலூருக்குப் போன் போட்டாள், மாப்பிள்ளையின் அப்பா சுப்புராயனுக்கு. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் “சரிம்மா” என்றார். வைத்துவிட்டார்.

செல்லியம்மாள் என்னையும் திட்டினாள். திட்டட்டும்.

22 ஆகஸ்ட், காலை

திருநாவலூரிலிருந்து பேச்சில்லை. கோர்ட்டுக்குக் கிளம்புகிறோம்.

அன்றே, மாலை

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஜெபீனா மனு கொடுத்தாள். ஸ்டேஷனில் தேடிப் பார்க்க நீதிபதி உத்தரவு போட்டார். மதியத்துக்குள் போலீஸே வீரமுத்துவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இன்றைக்குக் காலையில்தான் பிடித்தார்களாம்! காவலில் வைத்து விசாரிக்க அனுமதியும் கேட்டார்கள்.

மனிதர் கால் பதித்து நடக்க முடியாமல் நின்றார். எப்போது அழைத்துவந்தார்கள் என்று நீதிபதி கேட்டார். “ஞாயித்துக்கெழம சாயங்காலம்மா.” உடனே எஸ்.ஐ. கேரளாக் கதையை எடுத்தார். நீதிபதி செல்லியம்மாளைப் பார்த்தார். நீங்கள்தானே அப்படிச் சொன்னது?

“ஆமாம்மா, வெக்கப்பட்டுக்கினு சொன்னேன். ஆனா தெனமும் சோறு எடுத்துக்கினு போனேன். கேரளாவுக்கு டவுன் பஸ்ல சோறு போவுமா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நானும் எழுந்து, கேரளா என்றது தெரியாமல் சொன்னது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

போலீஸ் காவல் இல்லை. சொந்த ஜாமீனில் விட்டார்கள். அடிபட்ட காலை டாக்டர் பார்க்க வேண்டும், ஸ்டேஷன் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு. வழக்கு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், கோர்ட்டில் இருக்கிறது, பின்வாசலில் இல்லை.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டியில் சுப்புராயன்! செல்லியம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

“போன்ல இன்னா பேசறது, அதான் பஸ் ஏறிட்டேன்,” என்றார். வீரமுத்துவின் காலைப் பார்த்து முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு அவளிடம் திரும்பி, “ஏம்மா, எங்கிட்டயும் கேரளான்னுதானே சொன்ன? நேந்திரம் சிப்ஸ் வரும்னு வூட்ல எல்லாம் பாத்துக்கினு இருக்கோம்.”

அவள் அப்போதுதான் நன்றாக அழுதாள்.

26 ஆகஸ்ட்

வீரமுத்து மோட்டாரைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம், அப்பாடா.

29 ஆகஸ்ட், வெள்ளி

நிச்சயதார்த்தம் முடிந்தது. வீரமுத்து கொஞ்சம் நொண்டிக்கொண்டே மனையில் வந்து உட்கார்ந்தார். தட்டு மாற்றும்போது பார்த்தேன்: பழம், பூ, வெற்றிலைக்கு நடுவில் ஒரு பெரிய பொட்டலம். சுப்புராயன் அதைத் தூக்கி, “இன்னா சம்பந்தி இது?” என்றார்.

“சிப்ஸுங்க, நேந்திரம். கேரளா போய்ட்டு வெறுங்கையோடவா வர்றது?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. செல்லியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பொட்டலத்தை அங்கேயே பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பேக்கரிச் சரக்கு. என் பல்லுக்குக் கொஞ்சம் கடினம்தான். இரண்டு தின்றேன்.