தாடையில் இரண்டு ஊசி

5.7.99 திங்கள்
காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. மாத்திரை காலை 2, இரவு 2. வலது கைவிரல் நேற்று ஒருமுறை துடித்தது, இன்று இல்லை.

வீட்டுக்காரரோடு கே.எல். பெரியாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தாயிற்று. தலைக்குள் இடதுபக்கம் கட்டி. ரம்புத்தான் கொட்டை அளவு. எடுத்தே ஆகவேண்டுமாம். டாக்டர் தமிழ்ப் பிள்ளை, பொறுமையாகச் சொன்னார்.

"அக்கா, கட்டிக்குப் பக்கத்துலதான் பேச்சு இருக்கும்னு நெனைக்கிறோம். ஆனா ஆளுக்கு ஆள் மாறும். அதனால மொதல்ல எம்.ஆர்.ஐ.ல மூளைக்கு ஒரு மேப் எடுத்துருவோம். நீங்க பேச நெனைக்கிறப்ப எந்தெந்த எடம் ஒண்ணா சேந்து வேல செய்யுது, நரம்பு எந்த வழியா போகுது, ஓரளவு தெரிஞ்சிரும். புது முறை."

"மேப் இல்லாம வெட்டினா?"

"பேச்சு போயிடலாம்."

பதினாலு வருஷமாக ஃபேக்டரி ஆபீஸில் டெலிபோன் ஆப்பரேட்டர். மூன்று மொழியில் வாய் ஓயாது. பேச்சு போனால் நான் எதற்கு?

6.7 செவ்வாய்
ஸ்கேனுக்கு ஃபாரம் நிரப்பினேன். பேஸ்மேக்கர்: இல்லை. கர்ப்பம்: இல்லை (இந்த வயதில்!). உடம்புக்குள் உலோகம் ஏதாவது?

இல்லை என்று டிக் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து மீ கோரெங் தின்றுகொண்டிருந்தார். வேறு என்ன போடுவதாம்?

பொய். இங்கேயாவது எழுதிவைக்கிறேன். பெண் பார்க்க வந்த மூன்று இடமும் கறுப்பு என்று தட்டிக்கழித்த வருஷம். மீன் வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அக்கா என்னை உம்பாய்க்கு இழுத்துப் போனாள். அங்கே சூசுக் போடுகிற ஒரு மலாய்க்காரம்மா. முடி கனத்தில் இரண்டு தங்க ஊசி, மந்திரித்து, தாடையின் இரண்டு பக்கமும் தோலுக்குள் ஏற்றிவிட்டாள். பார்க்கிறவன் மயங்கிப்போவானாம். நாலாவதாக வந்தவர் இவர். உடனே சரி என்றார். பதினாறு வருஷம் ஆயிற்று, இதைப்பற்றி அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாத ஸ்கேனில் நெற்றிக்கு மேலேதான் எடுத்தார்கள். தாடை வரவில்லை. அதனால் தப்பித்தேன்.

8.7 வியாழன்
வெயில். கோழி வாங்கவேண்டும். தூக்கமில்லை.

சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற அக்காவுக்குப் போன். "வாயத் தொறந்த, கொன்னுருவேன். மந்திரிச்சுக் கட்டிக்கிட்டாள்னு உன் புருஷன் நெனைக்கமாட்டாரா?" பேச்சு அவளுக்கா போகப்போகிறது!

ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்கேன் பகுதிக்கு அடித்தேன். ஆப்பரேட்டர் குரலில், ஒரு தோழிக்காகக் கேட்கிறேன் என்று. இரும்பு கலந்திருந்தால் காந்தம் இழுக்கும், சூடேறலாம், அந்த இடத்தில் படமும் கெடும், சொல்லாமல் மட்டும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். தங்கம் என்று அந்த அம்மா சொன்னதுதானே? யார் உரசிப் பார்த்தது? எடுத்துவிடலாம் என்றால் போட்டவளேதான் எடுக்கவேண்டுமாம், அவள் செத்தே போய்விட்டாள்.

மேப் கெட்டால் டாக்டர் எங்கே வெட்டுவார்? சொன்னால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

9.7 வெள்ளி
ஸ்கேன். படம் எடுக்கிற பெண், தலையில் துடோங் போட்ட சின்னப் பெண், ஃபாரத்தை மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். உலோகம்? "தாக் ஆடா", இல்லை என்றேன். கை தானாகத் தாடைக்குப் போயிற்று. என் முகத்தையே பார்த்தாள். மெதுவாக, "காக், சூசுக் ஆடா?" அக்கா, சூசுக் இருக்கிறதா என்று.

நிறையப் பேரைப் பார்த்திருப்பாள் போல. தலையாட்டினேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவருக்கு மலாய் தெரியாதா என்ன. வெளியே போய் நின்றுகொண்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு வெள்ளைக் கோடு. பெரிய டாக்டர் வந்து பார்த்து, தாடை கட்டியிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, போகலாம், சூடு தெரிந்தால் இந்த ரப்பர் பந்தை அமுக்குங்கள் என்றார்.

உள்ளே தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம். அவர்கள் சொல்லும்போது 'க' எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தைகளை மனசுக்குள் நினைக்கவேண்டும், நிறுத்து என்றால் சும்மா கிடக்கவேண்டும். கத்தரிக்காய், கரண்டி, கதவு, கல்யாணம், கள்ளி. கள்ளி, கள்ளி. தாடையில் சூடு மாதிரி. ஊசியா, பயமா, தெரியவில்லை. பந்தை அமுக்கவில்லை. மேப் வேண்டும் எனக்கு.



10.7 சனி
நேற்று ஸ்கேனிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பஸ்ஸைக் கழுவினதையே கழுவிக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் போய் நின்றேன்.

"மயக்கிக் கட்டிக்கிட்டேன்னுதானே நெனைக்கிறீங்க?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மொகத்த எங்க பாத்தேன்? நீ தலையக் குனிஞ்சிருந்த. எனக்கும் வெக்கம். உள்ள போயி உங்கக்காவ ஏசுன பாரு, தேத்தண்ணி ஏன் ஆறிப்போச்சுன்னு. அந்தக் குரலக் கேட்டுத்தான் சரின்னேன்."

"அப்புறம் ஏன் பேசல?"

"பயமா இருக்கு லா, சரோ."

குழாயை மூடாமல் அழுதோம். தண்ணீர் பாட்டுக்கு ஓடிற்று.

14.7 புதன்
படம் கெடவில்லை. தெய்வமே. பேச்சு இடதுபக்கம்தான். நரம்பு வழி கட்டியை ஒட்டி வளைந்து போகிறது. டாக்டர் விரலால் காட்டினார்.

"முழுசா எடுக்கமாட்டோம், அக்கா. இந்த வழியத் தொடாம முடிஞ்ச அளவுதான். அப்படியும் பேச்சு தடுமாறலாம். எல்லாம் திரும்பி வரும்னு சத்தியம் பண்ண முடியாது."

கையெழுத்துப் போட்டேன். கை துடிக்கவில்லை. ஆபீஸில் லீவு சொல்லவேண்டும். ஊசி கிடக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

19.7 திங்கள்
வார்டு, கட்டில் 6. மத்தியானம். தலையை மழித்துவிட்டார்கள். குளிர்கிறது. நாளை காலை எட்டு மணிக்கு.

வந்ததிலிருந்து "ஏதாச்சும் பேசு, சரோ" என்கிறார். என்ன பேச? வாயில் ஒன்றும் வரவில்லை. இப்போதே போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். "சும்மா ஏசவாவது செய் லா" என்று சொல்லிவிட்டு மைலோ வாங்கப் போனார்.

வந்துகொண்டிருக்கிறார். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டிருக்கிறார், காலையிலிருந்து இப்படியேதான் சுற்றியிருக்கிறார் மனுஷன். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.