ஒரு வீடு மட்டும்

மார்ச் 3, செவ்வாய்
சின்னவளின் கையில் தையல் பிரித்தார்கள். அவள் அழவில்லை, நான்தான் வெளியே வந்து அழுதேன். வீடு திரும்பியதும் நேரே முற்றத்துக்கு ஓடப் பார்த்தவளைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம் என்றுதானே இங்கே குடிவந்தோம்? இப்போது கடித்த நாய் வெயிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. கடிபட்ட பெண் ஜன்னலில் நிற்கிறாள்.

மார்ச் 7, சனி
பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் கூட்டம். இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. பிராணி வளர்க்க எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும். ஒரு வீடு மாட்டேன் என்றாலும் முடியாது. எதிர்வீட்டு அக்கா இந்த நாயைக் கொண்டுவந்தபோது முதலில் சரி என்றது நான்தான். கடித்துவிட்டதால் சம்மதத்தை மறுபடி கேட்டார்கள். வாய்க்கு மூடி மாட்டினால் இருக்கட்டும் என்று பதினோரு வீடும் சொல்லிவிட்டன. இவர் என் முழங்கையை இடித்தார். நான் மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் யோசித்துச் சொல்லச் சொன்னார்கள்.

மார்ச் 9, திங்கள்
பக்கத்து வீட்டுத் தச்சர் ஒரு பாத்திரம் நிறைய சூப்போடு வந்தார். "வற்புறுத்த வரலைம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு." மாலையில் மாடிவீட்டு வாத்தியார், கேக்கோடு. "முடிவு உங்களோடது" என்றவர், செருப்பை மாட்டும்போது, "பாவம், அவங்களுக்கு வேற யாரு துணை?" என்றார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீடு. தனித்தனியாக வந்து, 'வற்புறுத்தவில்லை' என்று சொல்வதற்குப் பதில் கும்பலாக வந்து திட்டியிருக்கலாம். ஃப்ரிட்ஜில் இடமில்லை.

அக்கா மட்டும் வரவில்லை.

மார்ச் 11, புதன்
புதன்கிழமைப் பொதுச் சமையல் எப்போதும் அக்காவும் நானும்தான். வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசி, பாதி நாள் சாதத்தை அடிபிடிக்க விட்டுவிடுவோம். இன்று கத்திச் சத்தம் மட்டும். பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "நீ ஏன்க்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் கேட்டா நீ சரின்னுடுவடி. அப்புறம் குழந்தைய வெளிய விடுறப்பல்லாம் என்னைச் சபிப்ப. அதனாலதான் கேக்கல."

இப்படிப்பட்டவளிடமா நான் மல்லுக்கு நிற்கிறேன்?

மார்ச் 16, திங்கள்
இவரோடு சண்டை. தூங்கிக்கிட்டிருந்த நாய் மேல நம்ம பொண்ணுதானே ஓடிவந்து விழுந்தா, அது என்ன பண்ணும்னு கேக்கறார். தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சா மட்டும் பயம் போயிடுமா? நாளைக்கும் விழுவா. அவ குழந்தை, அப்படித்தான் விழுவா. ஒருநாள் மூடி மாட்ட மறந்துபோனா — அன்னிக்குக் கையா இருக்குமா, முகமா?

மார்ச் 21, சனி
மாட்டேன் என்றே சொன்னேன். அக்கா நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 29, ஞாயிறு
அக்காவின் தம்பி வந்து நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என்னைப் போல் கோழை உண்டா?

ஏப்ரல் 1, புதன்
அக்கா வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு மாறிக்கொண்டாளாம். இன்று என்னோடு வாத்தியார். உப்பு எங்கே என்று மூன்று முறை கேட்டார்.

ஏப்ரல் 8, புதன்
சின்னவள் முற்றம் முழுக்க ஓடுகிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 18, சனி
கூடத்துச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று கூட்டம். இந்த மாதம் கூட்டம் நடத்துவது அக்காவின் முறை. ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்து நான். பெயிண்டுக்குப் போய் எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

அக்கா முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

"நீங்க சொல்லுங்க," என்றாள். "உங்களுக்குச் சம்மதமா?"

ஏழு வருஷமாக அவள் வாயில் நான் 'வாடி, போடி'தான்.

சம்மதம் என்றேன். அடுத்த வீட்டைக் கேட்கப் போய்விட்டாள்.